நரம்பில் எரியும் விளக்கு

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில், திருப்பூரில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கவிஞர்கள் நிறைந்த அவையில் விலங்கியல் ஆசிரியன் ஒருவனுக்கு என்ன வேலை என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். அந்த எண்ணம் எனக்கும் உண்டு. ஆயினும் இத்தலைப்பை நானாகத் தேர்ந்துகொள்ளவில்லை. சென்ற ஆண்டு நமது மாதக் கூட்டம் முடிந்து தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது கவிஞர் ஒருவர் என்னிடம், “மூளைக்குள் என்ன நடக்கிறது என்பதை விஞ்ஞானிகள் விளக்குப் போட்டுப் பார்க்கிறார்களாமே; இனி மனத்தைப் பற்றிப் பாட எங்களுக்கு என்ன மிச்சம்?” என்று கேட்டார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஆனால் அந்தச் சிரிப்பின் அடியில் ஓர் அச்சம் இருந்ததை நான் கவனித்தேன். அவருக்கு அன்று நான் விடை சொல்லவில்லை. இன்று சொல்ல முயல்கிறேன்.

என் தொழிலில் நான் செய்த ஒரு காரியத்திலிருந்து தொடங்குவதே முறை.

பல ஆண்டுகள் நான் கல்லூரி மாணவர்களுக்குத் தவளையை அறுக்கக் கற்றுக்கொடுத்தேன். நரம்பும் தசையும் பற்றிய செய்முறைப் பாடம் அது. தவளையின் பின்னந்தலையில் ஊசியைச் செலுத்தி மூளையை அழிப்போம். பின்னர்த் தொடையின் தசையை விலக்கினால், வெண்ணிறப் பருத்தி நூல் போல ஒரு நரம்பு தென்படும். அதில் மின்சாரத்தைத் தொட்டால் கால் துடிக்கும். இத்தாலியின் பொலோனா நகரில் கால்வானி என்பவர் செய்து, 1791-இல் வெளியிட்ட சோதனையின் வழிவந்தது அது. உயிரின் உடலுக்குள் மின்சாரம் ஓடுகிறது என்னும் அறிவு உலகுக்குக் கிட்டியது அந்தத் தவளைக் காலிலிருந்துதான்.

ஒரு நாள் அந்தக் கால் துடித்தபோது முன்வரிசையில் நின்ற மாணவி ஒருத்தி, “ஐயா, இதற்கு வலிக்குமா?” என்று கேட்டாள். “வலிக்காதம்மா, மூளையைத்தான் முன்பே அழித்துவிட்டோமே” என்றேன். அவள் சற்று நேரம் பேசாமலிருந்தாள். பிறகு, “அழிப்பதற்கு முன்னால் ஐயா?” என்றாள்.

என்னிடம் விடை இல்லை. பாடத்தை முடித்துவிட்டு வீட்டுக்குப் போனேன். அக்கேள்வி மட்டும் என்னோடு வந்தது. இன்றும் உடன் வருகிறது. மூளையை ஆராயும் புதிய உத்திகளைப் பற்றி நான் ஆர்வத்துடன் படிக்கத் தொடங்கியதற்கு அதுவே காரணம்.

அன்பர்களே, மூளையைப் பார்க்கும் கலை முதலில் சாயக்கலையாகவே பிறந்தது. சாயம் என்றால் என்ன என்பதை இந்த ஊருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மூளையின் ஒரு துண்டை அப்படியே நுண்ணோக்கியின் கீழ் வைத்தால் எதுவும் தெரியாது. வெளுத்த துணியில் வெள்ளை நூலால் போட்ட பூவேலை போலத்தான் இருக்கும். 1873-இல் இத்தாலியரான கமில்லோ கோல்ஜி, பொட்டாசியம் டைகுரோமேட்டிலும் பிறகு வெள்ளி நைட்ரேட்டிலும் மூளைத் துண்டை ஊறவைத்தார். ஆயிரக்கணக்கான நரம்பணுக்களுள் ஏதோ ஒரு சில மட்டும், வேர் முதல் கிளைநுனி வரை முழுக் கறுப்பாயின. மற்றவை சாயம் ஏறாமல் நின்றன. எல்லாவற்றிலும் ஏறியிருந்தால் கறுப்புத் திட்டு ஒன்றே மிஞ்சியிருக்கும். சாயப்பட்டறையில் சாயம் திட்டுத்திட்டாக ஏறினால் அந்தச் சரக்கு தள்ளுபடி ஆகிவிடும். கோல்ஜியின் தொட்டியில் அந்தக் குறையே பெரும் பேறாயிற்று.

அச்சாயத்தைக் கொண்டு இருவர் இருவேறு காட்சிகளைக் கண்டனர். மூளை முழுவதும் அறுபடாத ஒரே வலை என்றார் கோல்ஜி. இல்லை, ஒவ்வொரு நரம்பணுவும் தனித்தனி உயிரணு. ஒன்றின் நுனி மற்றொன்றை நெருங்கி நிற்குமே அன்றி ஒன்றாகிவிடாது என்றார் ஸ்பெயின் நாட்டவரான சந்தியாகோ ரமோன் இ கஹால். நம் ஊர் மொழியில் சொன்னால், கோல்ஜி கண்டது பனியன் துணி. ஒரே நூல் தன்னைத்தானே வளைத்து வளைத்துக் கண்ணிகளாகிறது. ஒரு கண்ணி அறுந்தால் வரிசையே பிரிந்து ஓடும். கஹால் கண்டது சென்னிமலைத் தறியின் துணி. பாவும் ஊடையும் ஆயிரம் இடங்களில் சந்திக்கின்றன. எந்த இடத்திலும் இரண்டு நூல் ஒரு நூலாவதில்லை. 1906-இல் இருவருக்கும் சேர்த்தே நோபல் பரிசு அளிக்கப்பட்டது. பரிசு பெற்ற மேடையிலும் கோல்ஜி தம் வலைக் கொள்கையை விட்டுக்கொடுக்கவில்லை. 1950-களில் மின்னணு நுண்ணோக்கி வந்து, நரம்பணுக்களுக்கு இடையே உள்ள நுண்ணிய இடைவெளியைக் காட்டியபோது கஹால் கூற்றே மெய்யென நிலைத்தது.

நம் ஊருக்கு உறவான செய்தி ஒன்றும் இதில் உண்டு. 1876-இல் ஜெர்மனியில் ஹைன்ரிக் காரோ என்னும் வேதியியலார் துணிச்சாயமாக ஒரு நீலத்தை ஆக்கினார். மெத்திலீன் நீலம் என்பது அதன் பெயர். பத்தாண்டுகள் கழித்து, 1886-இல், பவுல் எர்லிக் அதே நீலத்தை விலங்குகளின் உடலில் செலுத்தி, உயிருள்ள நரம்பும் சாயம் ஏற்கும் என்று காட்டினார். நரம்பணுக்களின் கிளைகளில் கஹால் கண்ட முட்கள் போன்ற நுண்புடைப்புகளை, வெள்ளிச் சாயத்தின் கசடு என்று பலர் ஏளனம் செய்தபோது, அவற்றை மெய்ப்பிக்க அவர் 1896-இல் துணை கொண்டதும் இந்த நீலத்தைத்தான். துணிக்கென்று பிறந்த சாயம் மூளைக்குச் சாட்சி சொல்லிற்று.

சீவிச் சாயமேற்றிப் பார்க்கும் இந்த வழி இன்றும் நிற்கவில்லை. 2022-இல் தொடங்கப்பட்ட சென்னை ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம், கருவிலேயே உயிர் நீத்த மனிதச் சிசுக்களின் மூளைகளை மெல்லிய ஏடுகளாகச் சீவி, 5,132 ஏடுகளின் படங்களைத் தொகுத்து, ‘தரணி’ என்ற பெயரில் 2024 டிசம்பரில் உலகுக்கு வழங்கியது. நம் மண்ணில் நடந்த பெரும்பணி அது. ஆனால் சீவிப் பார்ப்பதற்கு ஓர் எல்லை உண்டு. நின்றுபோன எந்திரத்தைத்தான் அவ்வாறு பார்க்க முடியும். ஓடுகின்ற எந்திரத்தைப் பார்ப்பது எப்படி?

இதை எனக்கு விளக்கியவர் எந்தப் பேராசிரியரும் அல்லர். முன்பு சொன்ன மாணவியின் தந்தையார் நிட்டிங் ஆபரேட்டர். ஓர் இரவு அவரைப் பார்க்கப் போயிருந்தேன். வரிசையாக வட்ட எந்திரங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட ஊசிகள். மேலே கோன்களிலிருந்து இறங்கும் நூல்கள். இத்தனையையும் ஒரு மனிதர் எப்படிக் கண்காணிக்கிறார் என்று வியந்தேன். அவர் நூலைப் பார்க்கவே இல்லை. ஒரு நூல் அறுந்தால் அந்த நூல் ஓடும் இடத்தில் சிறு விளக்கு எரியும், எந்திரம் நின்றுவிடும். அவர் விளக்கை மட்டுமே பார்த்தார். விலங்குகளின் மூளையைப் பார்க்க அறிவியல் இன்று கைக்கொண்டிருக்கும் தலையாய உத்தியும் இதுவேதான்: நரம்புதோறும் ஒரு விளக்கு.

அந்த விளக்கு வந்த வழியைக் கேளுங்கள். அமெரிக்காவின் மேலைக் கடலில் பச்சையாக ஒளிரும் ஒருவகை ஜெல்லி மீன் உண்டு. நம் கடற்கரை மக்கள் சொறி என்று சொல்லும் இனத்தைச் சேர்ந்தது. ஒசாமு ஷிமோமுரா என்னும் ஜப்பானியர் அதன் ஒளிக்குக் காரணமான புரதங்களைப் பிரித்தெடுத்து 1962-இல் அறிவித்தார். 2008-இல் அதற்காக அவரும் வேறு இருவரும் நோபல் பரிசு பெற்றனர். இனி, நரம்பணு ஒன்று துடிக்கும்போதெல்லாம் அதனுள்ளே கால்சியம் பாய்கிறது. 2001-இல் ஜுனிச்சி நகாய் முதலான ஜப்பானிய ஆய்வாளர்கள், ஜெல்லி மீனின் பச்சைப் புரதத்தைக் கால்சியத்தைப் பற்றிக்கொள்ளும் மற்றொரு புரதத்தோடு இணைத்தனர். கால்சியம் வந்தால் விளக்கு எரியும், போனால் மங்கும். இந்தப் புரதத்துக்கான மரபணுவை ஒரு விலங்கின் நரம்பணுக்களுக்குள் சேர்த்துவிட்டால், அவை தம் விளக்கைத் தாமே செய்துகொள்கின்றன. எந்த அணு எப்போது துடிக்கிறது என்பதை நுண்ணோக்கியின் வழியே பார்த்துக்கொண்டிருக்கலாம். விலங்கு உயிரோடிருக்கும், விழித்திருக்கும்.

இவ்விளக்குக்கு மிகப் பொருத்தமான வீடாக அமைந்தது ஒரு சின்னஞ்சிறு மீன். வரிக்குதிரை மீன் என்பர். தெற்காசிய ஆறுகளே அதன் தாயகம். அதனை முதலில் அறிவியல் ஏட்டில் பதிந்தவர் பிரான்சிஸ் புக்கானன். இந்தப் பெயரைக் கொங்கு நாட்டு வரலாறு படித்தவர்கள் அறிவர். 1800-இல் மைசூர், கொங்கு, மலபார் வழியாகப் பயணம் செய்து, நம் பகுதியின் உழவையும் நெசவையும் ஊர் ஊராக எழுதிவைத்த அதே மருத்துவர்தான் அவர். பிற்காலத்தில் ஹாமில்டன் என்ற பெயரோடு, கங்கையின் மீன்களைப் பற்றி 1822-இல் வெளியிட்ட நூலில் இச்சிறு மீனையும் வருணித்தார். இருநூறு ஆண்டுகளுக்குப் பின் உலகின் ஆய்வுக்கூடமெல்லாம் அது நீந்தப் போகிறது என்பதை அவர் எங்ஙனம் அறிவார்?

இம்மீனின் குஞ்சு கண்ணாடி போன்றது. தலையைத் திறக்காமலே மூளையைப் பார்க்கலாம். அதன் மூளையில் ஏறத்தாழ ஒரு லட்சம் நரம்பணுக்கள். 2013-இல் அமெரிக்காவில் மிஷா அரென்ஸ், பிலிப் கெல்லர் ஆகியோர், லேசர் ஒளியைத் தாள் போல மெல்லியதாக்கி அக்குஞ்சின் தலையூடே அடுக்கடுக்காகச் செலுத்தினர். அவ்வொளி கத்தியில்லாமல் மூளையைச் சீவியது. நரம்பணுக்களில் நூற்றுக்கு எண்பதன் விளக்குகளை, ஒன்றேகால் வினாடிக்குச் சற்று மேற்பட்ட நேரத்துக்கு ஒருமுறை, தனித்தனியே படம் பிடித்தனர். முதுகெலும்புள்ள ஓர் உயிரின் மூளை ஏறத்தாழ முழுமையாக, அணு அணுவாக, வேலை செய்வதை மனிதன் அப்போதுதான் கண்டான். அந்த ஒளிப்படத்தைப் பார்த்தபோது, மழை பெய்து ஓய்ந்த இரவில் பனந்தோப்பில் மின்மினிகள் கூடியது போல இருந்தது எனக்கு. நம் அண்டையில் பெங்களூரிலுள்ள தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் வத்சலா திருமலையின் குழு இம்மீன் குஞ்சின் சிறுமூளையைத்தான் ஆராய்ந்து வருகிறது. வரவிருப்பதை முன்கூட்டியே எதிர்பார்த்து உடலை இயக்க அப்பகுதி எவ்வாறு உதவுகிறது என்பது அவர்கள் தொடுத்த வினாக்களுள் ஒன்று.

இவ்விளக்குகள் காட்டியவற்றுள் இரண்டை மட்டும் சொல்கிறேன்.

ஒன்று, ஈயினுடையது. பழ ஈயின் மூளை கசகசா விதையளவு. அதன் நடுவே நரம்பணுக்கள் வளையமாக அமைந்த ஒரு பகுதி இருக்கிறது. ஈயை ஒரு சிறு பந்தின் மேல் நடக்கவிட்டு, விவேக் ஜெயராமனும் யோஹானஸ் ஸீலிக்கும் அவ்வளையத்தை நோக்கினர். வளையத்தின் ஓரிடத்தில் மட்டும் ஒளி இருந்தது. ஈ திரும்பினால் ஒளியும் திரும்பியது. திசைகாட்டியின் முள்ளே தான். விளக்கையெல்லாம் அணைத்து இருளாக்கினர். அப்போதும் ஒளி அவ்வளையத்தில் நின்றது. நடையைக் கணக்கிட்டுத் திரும்பியது. 2015-இல் இது வெளிவந்தது. நாம் பழத்தின் மேலிருந்து விரட்டும் ஈ, இருட்டிலும் தான் எத்திசை நோக்கி நிற்கிறோம் என்பதை மறப்பதில்லை.

மற்றொன்று, எலியினுடையது. இது மகிழ்ச்சியான செய்தியன்று. பச்சைப்பாசி வகை ஒன்றில் ஒளிபட்டால் திறக்கும் ஒரு புரதம் உண்டு. அதை நரம்பணுவில் வைத்தால், நீல ஒளியைப் பாய்ச்சி அந்த அணுவைத் துடிக்கச் செய்யலாம் என்று 2005-இல் எட் பாய்டன், கார்ல் டைசராத் முதலியோர் காட்டினர். அதுவரை விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்த மனிதனின் கைக்குப் பொத்தானும் வந்துவிட்டது. 2013-இல் சுசுமு தொனெகாவாவின் ஆய்வுக்கூடத்தில் ஓர் எலியை ஒரு பெட்டியில் உலவவிட்டனர். அங்கே அதற்கு எந்தத் தீங்கும் நேரவில்லை. அப்பெட்டியின் நினைவைத் தாங்கிய அணுக்களைக் குறித்துக்கொண்டனர். மறுநாள் வேறொரு பெட்டியில் அதற்கு மின்னதிர்ச்சி கொடுக்கும்போது, முதல் பெட்டியின் நினைவை ஒளியால் எழுப்பினர். பின்பு முதல் பெட்டிக்குள் விட்டபோது எலி அஞ்சி உறைந்து நின்றது. நடவாத ஒன்றை நடந்ததாக அது நினைவுகூர்ந்தது.

நினைவைப் பாடுவோர் நிறைந்த அவை இது. நினைவு என்பது தலையிட்டுத் திருத்தக்கூடிய பொருள் என்று ஒரு சிறு எலியின் மூலம் காட்டப்பட்டுவிட்டது. மறதி நோயாலும் அச்ச நோயாலும் அலைக்கழியும் மக்களுக்கு இவ்வறிவு ஒருநாள் மருந்தாகலாம். அந்நோக்கத்தை நான் ஐயுறவில்லை. ஆயினும் அந்த எலி உறைந்து நின்ற காட்சியைப் படித்த இரவில், என் மாணவியின் கேள்விதான் எழுந்து வந்தது.

இப்போது கவிஞர் நண்பரின் கேள்விக்கு வருகிறேன்.

அன்றிரவு நிட்டிங் கூடத்தில் ஒரு விளக்கு எரிந்தது. அந்த ஆபரேட்டர் எழுந்து போய் நூலை முடிந்துவிட்டு வந்தார். “வெளக்கு நூல் அறுந்துதுன்னு சொல்லுமுங்க. எதனால அறுந்துதுன்னு நாமதானுங்க பாக்கோணும்” என்றார். தாம் ஏதோ பெரிய தத்துவம் சொல்லிவிட்டதாக அவர் எண்ணவில்லை. எனக்கோ நான் படித்த ஏடுகளெல்லாம் அந்த வாக்கியத்தில் அடங்கின.

மீனின் மூளையில் இன்ன அணு இன்ன நொடியில் ஒளிர்ந்தது என்று காட்ட முடிகிறது. ஒளிர்ந்தபோது மீனுக்கு எப்படி இருந்தது என்பதை எந்த விளக்கும் காட்டவில்லை. 2003-இல் பிரிட்டனில் லின் ஸ்னெட்டன் என்னும் ஆய்வாளர், டிரவுட் மீனின் உதட்டில் தேனீ நஞ்சையும் அமிலத்தையும் செலுத்திப் பார்த்தார். தீங்கை உணரும் நரம்புகள் மீனுக்கு உண்டு என்பது தெரிந்தது. மீன்கள் உடலை ஆட்டின. அமிலம் பெற்றவை உதட்டைச் சரளையில் தேய்த்தன. நெடுநேரம் இரை எடுக்கவில்லை. வலி என்பதற்கு இதைவிட வேறென்ன சான்று வேண்டும் என்பர் சிலர். அது அனிச்சைச் செயலாகவும் இருக்கலாம் என்பர் சிலர். வழக்கு முடியவில்லை. விளக்குகள் பெருகப் பெருக, அதன் முடிவு நம் கையில்தான் இருக்கிறது என்பது தெளிவாகிறது.

உயிரோடு பார்க்கும் இந்த உத்தி உயிரைக் காத்துவிட்டது என்றும் எண்ணிவிடாதீர்கள். 2025 ஏப்ரலில் வெளிவந்த ஓர் ஆய்வைச் சொல்கிறேன். ஓர் எலிக்குத் திரைப்படத் துணுக்குகளைக் காட்டி, பார்வைக்குரிய அதன் மூளைப்பகுதியில் எரிந்த விளக்குகளைப் பதிவு செய்தனர். அதன் பிறகு அந்த எலியின் மூளையில் ஒரு கன மில்லிமீட்டரை, கடுகளவை, 25,000-க்கு மேற்பட்ட ஏடுகளாகச் சீவினர். அக்கடுகில் இரண்டு லட்சம் உயிரணுக்கள், ஐம்பது கோடிக்கு மேற்பட்ட இணைப்புகள், கிலோமீட்டர் கணக்கில் நரம்பு நூல். 2024 அக்டோபரில் பழ ஈயின் முழு மூளைக்கும் இதேபோல வரைபடம் வந்தது. 1,39,255 நரம்பணுக்கள் ஒன்றுவிடாமல் அதில் இடம்பெற்றன. இவை மனித அறிவின் பெருஞ்சாதனைகள். தலைவணங்குகிறேன். ஆனால் விளக்கின் வழியே பார்த்த அந்த எலியும் கடைசியில் கத்திக்கே போயிற்று என்பதையும் மறைக்காமல் சொல்வதுதான் நேர்மை.

அப்படியானால் எந்த அளவுக்குப் பார்க்கலாம், எதற்காகப் பார்க்கலாம், பார்க்கப்படும் உயிருக்கு நாம் என்ன கடன்பட்டிருக்கிறோம் என்பதை யார் சொல்வது? நுண்ணோக்கி சொல்லாது. நம் நாட்டில் இதைச் சொன்னவர் ஒரு கலைஞர்.

மதுரையில் பிறந்து, சென்னை அடையாற்றில் கலாக்ஷேத்திராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேலை நடனக் கலைஞராகவே நாம் அறிவோம். 1952-இல் அவர் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார். அங்கே அவர் தம் கலைக்காக மட்டும் பேசவில்லை. வாயற்ற உயிர்களுக்காகப் பேசினார். விலங்குகளுக்கு இழைக்கப்படும் கொடுமையைத் தடுக்கத் தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். அரசே சட்டம் இயற்றும் என்று பிரதமர் நேரு உறுதி கூறியதன்பேரில் அதைத் திரும்பப் பெற்றார். 1960-இல் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. 1962-இல் அமைந்த விலங்குகள் நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர்.

அச்சட்டம் ஆய்வைத் தடை செய்யவில்லை. ஆய்வை மேற்பார்க்க ஒரு குழுவை அமைக்க வழி செய்தது. இயன்றவரை மயக்கம் கொடுத்தே அறுவை செய்யவேண்டும்; வெறும் கைத்திறனைப் பழகுவதற்காகச் சோதனை நடத்தக்கூடாது; கல்லூரிகளில் நூல், மாதிரி, திரைப்படம் போன்றவை போதுமெனில் விலங்குச் சோதனையைத் தவிர்க்கவேண்டும் என்பன அதன் நெறிகள். 1998-இல் விரிவான விதிகள் வந்தன. வகுப்பறையில் விலங்குகளை அறுப்பதைப் படிப்படியாகக் கைவிட 2011-இலும், அறவே நிறுத்த 2014-இலும் பல்கலைக்கழக மானியக்குழு அறிவுறுத்தியது.

அந்தச் சட்டத்தை நான் முதன்முறையாகப் படித்தது ஓய்வு பெற்ற பிறகு. கல்லூரியில் மாதிரி போதுமானால் உயிரைத் தொடாதே என்னும் நெறி, நான் ஆசிரியர் பணிக்கு வருவதற்கு முன்பே எழுதிவைக்கப்பட்டிருந்தது. நான் தவளைகளை அறுத்த ஆண்டுகளெல்லாம் அது நூலகத்தில் தூங்கியது. அந்த மாணவிக்கு ஒரு நடனக் கலைஞர் 1960-இலேயே விடை எழுதிவைத்திருந்தார். ஆசிரியனாகிய நான்தான் படிக்கவில்லை. இதை இந்த அவையில் ஒப்புக்கொள்ளவே இவ்வளவு தூரம் வந்தேன் என்றாலும் மிகையில்லை.

நம் இலக்கியமும் இவ்வகையில் வறியதன்று. உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகுத்துக் காட்டியது தொல்காப்பியம். ஆறாவதாகிய மனத்தை மக்களுக்கு உரியது என்று கூறிய மரபிலேயே, விலங்குகளுள்ளும் சிலவற்றுக்கு அது உண்டு என்று இடம்விட்டனர் உரைகாரர்கள். அந்தச் சிறு இடைவெளியை எண்ணி நான் வியக்கிறேன். பிற உயிருக்கு மனமில்லை என்று கதவை அடைத்துவிடாமல் ஒரு சாளரத்தைத் திறந்து வைத்தார்கள். இன்றைய ஆய்வுக்கூடம் அந்தச் சாளரத்தின் வழியேதான் விளக்கை நீட்டிப் பார்க்கிறது. பிற உயிரின் துயரைத் தம் துயராகக் கொண்டு, சீவகாருண்யத்தையே வழிபாடாக்கிய வள்ளலாரும் இம்மொழியில்தான் பாடினார்.

இன்னொன்றையும் திருப்பூரில் நின்று சொல்லியாகவேண்டும். மூளையைக் காட்டும் அந்த வரிக்குதிரை மீனின் கருக்களைக் கொண்டு, நீரில் கலந்த நஞ்சையும் அளக்கிறார்கள். சாயக் கழிவு நீரையும் சோதிக்கிறார்கள். நாம் நொய்யலுக்கு என்ன செய்தோம் என்பது நமக்குத் தெரியும். பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயநீர் தேங்கியதும், 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டதும், அப்போது வேலையிழந்த குடும்பங்கள் பட்ட பாடும் இவ்வவையில் பலர் கண்ணால் கண்டவை. ஆற்று மீனுக்கு நாம் செய்த தீங்கைச் சொல்ல ஆய்வுக்கூடத்து மீன் சாட்சிக் கூண்டில் ஏறுகிறது. அச்சாட்சியையும் நாம் கொன்றுதான் கேட்கிறோம். இதில் நல்லவர் யார், தீயவர் யார் என்று எளிதில் பிரித்துவிட எனக்குத் தெரியவில்லை. ஆனால் கணக்கு ஒன்று இருக்கிறது; அதை யாரேனும் எழுதிவைக்கவேண்டும்.

கவிஞர் பெருமக்களே, உங்களுக்கு என்ன மிச்சம் என்று நண்பர் கேட்டார். இந்தக் கணக்கு மிச்சமிருக்கிறது. நரம்பணு, ஒளிப்புரதம் என்னும் சொற்களைக் கவிதையில் பதித்து அணிசெய்துகொள்ளுங்கள் என்று நான் வேண்டவில்லை. அது இரவல் நகை. அறிவியலைக் கண்டு அஞ்சவும் வேண்டாம், பழிக்கவும் வேண்டாம். அதைப் பொறுமையாகக் கற்றுக்கொள்ளுங்கள். எந்த உயிரில் விளக்கு வைத்தார்கள், எதை அறிந்தார்கள், அதற்கு அவ்வுயிர் கொடுத்தது என்ன என்று கேளுங்கள். என் மாணவி கேட்டது போல நேராகக் கேளுங்கள். வலியைப் பற்றி இரண்டாயிரம் ஆண்டு பேசிப் பழகிய மொழி நம்முடையது. அக்கேள்வியைக் கேட்கும் தகுதி அதற்கு உண்டு.

அந்த மாணவி இன்று ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியை. மாதிரியையும் கணினிப் படத்தையும் வைத்துத்தான் தவளைப் பாடம் நடத்துகிறாராம். சென்ற முறை என்னைச் சந்தித்தபோது, வகுப்பில் ஒரு சிறுவன், “இது நிஜத் தவளையாக இருந்தால் வலிக்குமா டீச்சர்?” என்று கேட்டதாகச் சொன்னார். “நீங்கள் என்ன சொன்னீர்கள் அம்மா?” என்றேன்.

“வலிக்கும் என்றே வைத்துக்கொள் தம்பி என்று சொன்னேன் ஐயா” என்றார்.